தீப்பெட்டியோடுதான் வருவேன்

ராசா,

அந்தப் பதிவை நான் எடுக்கப்போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன் என்பது உனக்குத் தெரிந்த பழக்கம்தான். நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. உன் அப்பாவிடம் மட்டும், "அம்மா அத எடுத்துட்டாங்களா" என்று கேட்கிறாயாம். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேற்று விற்க வைத்திருந்த ஒரு பழைய சட்டையின் காலர் கருகிப்போனது. அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் குத்தியிருக்கிறேன், "காலரில் இஸ்திரிக் கருகல், எங்கள் கடையில் பட்டது" என்று. உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாம் இருவரும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு மணவறையில் நிற்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருமங்கலத்தில் உன் மாமனார் வீட்டில் நீ அதை வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய் என்று தெரிகிறது. ரிட்டயரான ஓர் அதிகாரியின் மகள் வீட்டைக் காலி செய்யும்போது நம் கடைக்குக் கொடுத்த கருப்பு ஷூ அது. பெட்டியைவிட்டு வெளியே வராதது. உள்ளே சுருட்டி வைத்த தாள்கூட அப்படியே இருந்தது. மேல்பக்கம் அசல் தோல். வளைத்தால் பொடிச்சுருக்கம் விழுந்து, விட்டவுடன் மறைந்தது. ரெக்ஸினாக இருந்தால் மடித்த இடத்தில் கோடு நிற்கும். ஆனால் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன், நகத்தில் கருப்புப் பொடி ஒட்டியது. இந்த வகை அடிப்பாகம் நடந்து தேய்வதைவிட, நடக்காமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தே மட்கிப்போகும். அதை எழுதினேன். "அடிப்பாகம் மட்கிவிட்டது, நடந்தால் பொடியும். மேல் தோல் அசல், புதுசு. வேறு அடி கட்டிக்கொண்டால் நல்ல ஷூ." இவ்வளவுதான் என் குறிப்பு. நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்தி நம் கடையின் இணையப் பக்கத்தில் போட்டாய். "அணியாதது. அசல் தோல். பெட்டியுடன்." நீ எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். என் முதல் வரியை மட்டும் காணோம்.

அந்த ஷூவை வாங்கியவன் சோழவந்தான் பையன். வெற்றிலைக் கொடிக்காலில் அப்பாவோடு வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தவன். ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்காக வாங்கியிருக்கிறான். ஒரு மத்தியான வேளையில் ஷூவைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி கேட்டு நம் கடைக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்து நானும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன். அவன் சத்தமே போடவில்லை. "அக்கா, நடக்க நடக்க கருப்பா பொடிப்பொடியா கொட்டிருக்கு. எனக்குத் தெரியல. திரும்பிப் பாத்தா வாசல்ல இருந்து நான் வந்த வழி பூராம் தெரியுது. அம்புட்டுப் பேரும் என் கால பாக்குறாக. உள்ள கூப்பிட்டாக, கழட்டி வச்சிட்டு சாக்ஸோட போனேன். என்ன கேட்டாகன்னே ஞாபகம் இல்லக்கா" என்றான். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று அவர்கள் ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதையும் சொன்னான். அவனுக்கு மோர் கொடுத்தேன், ஷூவை வாங்கிக்கொண்டேன், அவன் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் போன பிறகு வெகுநேரம் அழுதேன், ராசா. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

பிறகு அந்த ஷூவை வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்துப் பக்கத்தில் போட்டேன். "இது எங்கள் கடையில் விற்றது. அடிப்பாகம் பொடியும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை எடுத்துவிட்டோம். வாங்கியவர் முக்கியமான இடத்தில் அவமானப்பட்டார். தவறு கடையுடையது." எடுத்துவிட்டோம் என்றுதான் எழுதினேன், என் மகன் எடுத்தான் என்று எழுதவில்லை. ஆனால் நம் கடைப் பக்கத்தை நீதான் நடத்துகிறாய் என்று திருமங்கலத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தாய். உன் மாமனார் உன்னைக் கூப்பிட்டு, "மாப்ள, உங்க கடையை நீங்களே திட்டி எழுதிருக்கீகளே, என்ன விசயம்?" என்று கேட்டிருக்கிறார். நீ போனில் என்மேல் எரிந்து விழுந்தாய். "ஊரே சிரிக்குதும்மா. அந்தப் பையனத் தனியாக் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டாப் போதாதா? உலகத்துக்கே சொல்லணுமா?" என்றாய். உலகத்துக்கே சொல்லித்தானடா விற்றாய் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து இன்றுவரை பேச்சு இல்லை.

எனக்கு இது பெரிய தர்மம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. இது என் தொழில். எவர்சில்வர் பாத்திரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துத் தெருத்தெருவாக அலைந்த காலத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். சேலையை யாரும் விரித்துக் கொடுக்க மாட்டார்கள். கிழிசல் உள்ளே போகும்படி மடித்துத்தான் கொடுப்பார்கள். நான் வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்ப்பேன். "ஏத்தா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறியே" என்று திட்டு விழும். விழட்டும் என்று பார்ப்பேன். விரித்துப் பார்த்துப் பார்த்தே விரலுக்கு எல்லாம் வந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பட்டு இளஞ்சூடாகும், பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும். ரேயான் பட்டுப்போல் வழிந்து விழுந்து ஆளை ஏமாற்றும், ஒரு நூலை நாக்கில் நனைத்து இழுத்தால் சட்டென்று அறுந்துவிடும். அப்படியும் சந்தேகம் என்றால் தீக்குச்சிதான். தலைமுடி பொசுங்கிய வாடை அடித்து, கருகியது விரலில் பொடியானால் பட்டு. காகிதம் எரிந்த வாடை அடித்தால் பருத்தியோ ரேயானோ. உருகிச் சொட்டி மணிபோல இறுகினால் பாலியஸ்டர். கடை வாசலில் நான் குச்சியைக் கிழிக்கும்போது காற்றில் அணையாமல் உன் இரண்டு கைகளையும் குவித்துப் பிடிப்பாய். வாடையை முதலில் நீதான் சொல்வாய். "அம்மா, முடி" என்பாய். ஒருநாளும் தப்பியதில்லை.

நானும் தப்பியிருக்கிறேன், அது உனக்கு நினைவிருக்கும். ஒரு சிவப்புச் சேலைக்கு, கையால் புள்ளி கட்டிச் சாயம் போட்ட சுங்குடி என்று குறிப்பு எழுதிப் போட்டேன். தறி போடுகிற சௌராஷ்டிர வீட்டு அக்கா ஒருவர், நம்மிடம் பேரனுக்குச் சட்டை எடுக்க வந்தவர், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கட்டுன புள்ளி இல்லம்மா, அச்சு. திருப்பிப் பாரு, பின்னாடி வெளிறிக் கெடக்கு. கையால கட்டுனா ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அன்றைக்கே பக்கத்தில் எழுதினேன், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இது அச்சுச் சேலை என்று. நீ அந்தப் பதிவுக்கு இதயம் போட்டாய். "எங்கம்மா மாதிரி யாருக்கு வரும்" என்று கீழே எழுதினாய். அப்போது ஊர் சிரிக்கவில்லையா? நான் என் தப்பை எழுதினால் உனக்குப் பெருமை, உன் தப்பை எழுதினால் உனக்கு அவமானம். இது என்ன கணக்கு என்று நீதான் சொல்ல வேண்டும்.

நீ சொன்ன நியாயத்தையும் நான் கேட்காமல் இல்லை. "குறைய முதல்ல போட்டா யாரும் கீழ படிக்கவே மாட்டாங்கம்மா. ரெண்டு செகண்ட்ல தள்ளிவிட்டுப் போயிருவாங்க" என்றாய். நீ எழுத ஆரம்பித்த பிறகு சரக்கு வெரசாகப் போனது, அதையும் நான் மறுக்கவில்லை. போட்டோ எடுக்கச் சொல்லிக் கொடுத்தாய், ஜன்னல் பக்கம் மாட்டி எடு என்றாய், அதெல்லாம் நல்ல யோசனை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே "ப்ரீ லவ்டு" என்று ஒன்று போட்டாய் பார், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டால், ஏற்கெனவே ஒருவர் நேசித்தது என்கிறாய். இடுப்பு பத்தாமல் போன பேன்ட்டை எவன் நேசித்தான்? கழற்றி எறிந்துவிட்டுத்தானே நமக்குக் கொடுத்தான்? பழைய துணி என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? நம் போர்டில் அப்படித்தான் இருக்கிறது, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று கடைக்கு நீ யோசித்த புதுப் பேரையும் நான் அதில் எழுதப்போவதில்லை. பழைய துணி, பழைய செருப்பு, ஷூ. அதுதான் நம் கடை. உன்னைப் படிக்க வைத்ததும் அதுதான்.

செத்துப்போனவர்களின் துணி என்றால் அதையும் சீட்டில் எழுதுவேன், அதற்கும் நீ என்னோடு மல்லுக்கு நின்றாய். "அதை யாரும்மா வாங்குவா" என்றாய். வாங்க மாட்டேன் என்பவர்கள் தெரிந்து வாங்காமல் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அது மனசு ஒப்பாது. தெரியாமல் கட்டிக்கொண்டு பிறகு தெரியவந்தால் அந்த மனசு என்ன பாடுபடும்? அலங்காநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கம்பளிச் சால்வை ஒன்றைக் கையில் எடுத்தார். "அண்ணே, சீட்டப் படிச்சுக்கங்க, இதப் போத்திருந்தவரு காலமாயிட்டாரு" என்றேன். அவர் அதைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "காலமானா என்னத்தா. எம்புட்டு ஆளு போயாச்சு. குளிரு ஆளப் பாத்தா வருது" என்று சொல்லிவிட்டு எடுத்துப்போனார். போகும்போது அதைப் போர்த்தியிருந்தவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். நீயாக இருந்தால் அந்த வரியை அழித்திருப்பாய், அவருக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

இப்போது உன் கோட்டுக்கு வருகிறேன். நீ வேலைக்கு முதல் இன்டர்வியூ போனாயே, அந்தச் சாம்பல் நிறக் கோட்டை மறந்திருக்க மாட்டாய். கடைக்கு வந்த கோட்டுதான். நல்ல கம்பளி, உள்ளே வழவழவென்ற லைனிங். வலது முழங்கைக்கு உள்பக்கம் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. அதே கோட்டின் உள்மடிப்பிலிருந்து நூல் உருவி நான் இழை ஓட்டினேன், இருந்தாலும் நேர் வெளிச்சத்தில் தெரியும். உன்னை உட்கார வைத்துக் காட்டினேன். "இங்க ஓட்ட இருக்கு. கைய மேஜைக்கு மேல நீட்டாத, மடக்கி மடியில வச்சுக்க" என்று சொன்னேன். நீ கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி மடக்கிப் பழகினாய். வேலையோடு வந்தாய். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து உன்னைக் கட்டிக்கொண்டார். உனக்கு ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும், ராசா. அதனால் நீ தப்பித்தாய். அந்தச் சோழவந்தான் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் உன்னை மாதிரி ஒரு கண்ணாடி முன்னால்தான் நின்றிருப்பான். உன்னை அனுப்பிய மாதிரிதான் அவன் அம்மாவும் அனுப்பியிருப்பாள். அவனுக்குச் சொல்லவேண்டிய ஒரு வரி நம்மிடம் இருந்தது, நீ அதை எடுத்துவிட்டாய். உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு என்னால் வந்த வெட்கம் இன்று நேற்று வந்தது இல்லை, அது எனக்குத் தெரியும். உன் சித்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். நீ அப்போது மீசை அரும்பிய வயசு. விற்கிறவர் சேலையை விசிறி விசிறிப் போட்டார். எல்லாம் அசல் பட்டு என்றார். முந்தானைக் குஞ்சத்தில் தொங்கிய நூலில் ஒன்றை உருவி, பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அங்கேயே கிழித்துவிட்டேன். வாட்ச்மேன் ஓடிவந்தார், மேனேஜர் ஓடிவந்தார், உன் சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். தெருவுக்குப் போய், யாரோ வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு ஜிகர்தண்டாக் கடையை முறைத்துக்கொண்டு நின்றாய். துணிக்கடைக்குள் தீக்குச்சி கிழித்தது தப்புதான், அதை அன்றைக்கே மேனேஜரிடம் ஒத்துக்கொண்டேன். வெளியே கொண்டுவந்து கிழித்திருக்க வேண்டும். கிழித்ததே தப்பு என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்யாணப் பெண்ணுக்கு என்ன கட்டிவிடுகிறோம் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

இனிமேல்தான் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம் வருகிறது. முந்தாநாள் சாயங்காலம் ஸ்டூல் மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து ஜீன்ஸ் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். "அத்தை" என்று சத்தம். திரும்பினால் வாசலில் நிவேதா. உனக்குப் பேசியிருக்கிற பெண்ணேதான். ஒரு கையில் ஆப்பிள் போட்ட பை, இன்னொரு கையில் சத்துமாவு டப்பா. ஸ்டூல் மேல் மூட்டையோடு நிற்கிற என்னைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "தலச்சுத்தல் எப்படி இருக்கு அத்தை? எந்திரிக்கவே முடியலன்னாங்களே" என்றாள். எனக்கும் புரியவில்லை. இறங்கி வந்து உட்கார வைத்துக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாசி வீதியில் அதே ஜவுளிக்கடைக்கு முகூர்த்தச் சேலை எடுக்கப் போகிறீர்களாம். எனக்குத் தலைச்சுற்றல் என்றும், என்னால் வர முடியாது என்றும், எனக்குப் பதிலாகச் சித்தி வருவாள் என்றும் நீ சொல்லியிருக்கிறாய். நம் வழக்கத்தில் முகூர்த்தச் சேலையை எடுப்பது மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளையின் அம்மா கை படாமல் அந்தச் சேலை பெட்டிக்குள் போகாது. நீ பிறந்த நாளிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்த நாள் அது. என்னை விட்டுவிட்டுப் போவதற்கு, நான் படுக்கையில் கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டாய்.

உன் அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஆமாத்தா, நேத்து கொஞ்சம் சுத்தலாத்தான்" என்று ஆரம்பித்தார். பாவம், உன்னைக் காப்பாற்றப் பார்த்தார். நான் அவரைக் கையமர்த்தினேன். "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. நல்லாத்தான் இருக்கேன். எனக்கும் அவனுக்கும் சண்ட. அதான் பொய் சொல்லிருக்கான்" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. சொல்ல ஆரம்பித்தாகிவிட்டது, பாதியில் நிறுத்துவது என் பழக்கம் இல்லை. "நீ கட்டிக்கப்போறவ. ஒனக்குத் தெரியணும். எங்க கடை வழக்கப்படி குறைய முதல்ல சொல்லுறேன், கேட்டுக்க. கூச்சம் ஜாஸ்தி. நாலு பேரு முன்னாடி நம்மாளு யாரும் ஏதாச்சும் பண்ணிட்டா, தெரியாத ஆளு மாதிரி தெருவுல போயி நிப்பான். பொய் சொல்லுவான். யாரையும் கெடுக்க இல்ல, தன் மொகத்தக் காப்பாத்திக்கிறதுக்கு. கோவம் வந்தா வாயத் தெறக்க மாட்டான், போன எடுக்க மாட்டான். எனக்குத் தெரிஞ்சு குறை இம்புட்டுத்தான்" என்றேன்.

அப்புறம் நல்லதையும் சொன்னேன், பயப்படாதே. "துணி அசல். அப்பாவுக்கு நெஞ்சு வலின்னதும் சென்னையில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவன். கையில காசு இல்லாதப்பவும் ஒருத்தர்கிட்ட வாங்கித் திங்க மாட்டான். தொட்டுப் பாத்தே பஞ்சா பட்டான்னு சொல்லுவான், அம்புட்டு சூட்டிகை. சாயம் போகாது. ஆயுசுக்கும் ஒழைக்கும்" என்றேன். எவ்வளவு சண்டை போட்டாலும், உன்னைப் பற்றி நல்ல வரி எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ராசா.

அவள் சத்துமாவு டப்பாவின் மூடியைத் திருகி இறுக்கினாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "இந்தக் கறையெல்லாம் தொவச்சாப் போகுமா அத்தை?" என்று கேட்டாள். உன் அப்பா குபுக்கென்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கூச்சம் போயிரும். பொய்யத்தான் பட்டவொடன தொவச்சிரணும். காய விட்டா பிடிச்சுக்கிரும்" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அந்த ஷூப் பதிவ எங்கப்பா காட்டுனாரு. பொழைக்கத் தெரியாத பொம்பளன்னாரு. நான் மூணாவது தடவ படிச்சுட்டுத்தான் ஒங்களப் பாக்கணும்னு நெனச்சேன்" என்றாள். உன் மாமனார் இன்னும் அப்படித்தான் நினைக்கிறாராம். நினைத்துக்கொள்ளட்டும். அவர் சிமெண்டுக் கடைக்கு நான் யோசனை சொல்லப் போவதில்லை.

அவள் வந்த காரணத்தைக் கடைசியில்தான் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா இல்லாமல் முகூர்த்தச் சேலை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லையாம். எனக்கு உடம்பு தேறட்டும், அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டு போகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். "ஒடம்புதான் நல்லா இருக்குல்ல அத்தை. அப்பத் தள்ள வேணாம். இந்த ஞாயித்துக்கெழமையே வாங்க. நீங்க தொட்டுப் பாத்துச் சொன்னாத்தான் கட்டுவேன்னு வீட்டுலயும் சொல்லிருறேன்" என்றாள். நீ என்னை விட்டுவிட்டுப் போவதற்காகச் சொன்ன பொய்தான் அவளை என் கடைக்குக் கூட்டிவந்தது. போகும்போது மறக்காமல் சத்துமாவு டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். "ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு வாங்குனது" என்று சொல்லிவிட்டு, ஆப்பிளை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. பதிவு அங்கேயே இருக்கும், உன் மாமனார் கேட்டால் அவரிடமும் அதைப் பற்றிப் பேசுவேன். அதை எடுப்பதற்குப் பதிலாக நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. அழித்தாயே ஒரு வரி, அதை நீயே அந்தப் பதிவுக்குக் கீழே, உன் பேரில் எழுது. சோழவந்தான் பையன் பார்ப்பான். அந்த ஷூவுக்கு உன் அப்பா வேறு அடி கட்டக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். இப்போது நல்ல ஷூ. அடுத்த இன்டர்வியூவுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், நீ கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது.

சேலைக்கடையில் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். சேலையை விரிக்கச் சொல்வேன், திருப்பிப் போடச் சொல்வேன், உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பேன். குஞ்சத்தில் தொங்குகிற நூலில் ஒன்றைக் கேட்டு வாங்குவேன். தீப்பெட்டி என் பையில்தான் இருக்கும். இந்தத் தடவை கடைக்குள் கிழிக்க மாட்டேன், வாசலுக்கு வருவேன். நீ பழையபடி தெருவில் போய் நின்றுகொள்வதென்றால் நின்றுகொள், ஜிகர்தண்டாக் கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மாசி வீதியில் எப்போதும் காற்று அடிக்கும், குச்சி அணைந்துபோகும், யாராவது கையைக் குவித்துப் பிடிக்க வேண்டும். நானே பிடிக்கிறேன் என்றாள் நிவேதா. வேண்டாம் தாயி, அது அவன் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அம்மா